அமெரிக்க ஆறுகளில் பொன் அரிக்க: எந்த நிலம், எந்தக் கருவி, எப்படித் தொடங்குவது

1848 ஜனவரி 24 அன்று கலிஃபோர்னியாவின் கொலோமாவில், மரம் அறுக்கும் ஆலைக்காக வெட்டிய வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் ஒரு மின்னும் துணுக்கைக் கண்டெடுத்தார். அந்த இடம் இப்போது மாநிலப் பூங்கா. அங்கே ஆற்றங்கரையில் இதற்கென்று விட்டிருக்கும் பகுதியில் நீங்களும் நானும் இன்றைக்கும் பொன் அரிக்கலாம். ஆனால் கையும் பொன் அரிக்கும் தட்டும் மட்டும்தான். சின்னக் கரண்டி கொண்டு போனாலும் தவறு. அங்கிருந்து வண்டியில் கொஞ்ச தூரம் போய் ஒரு தேசிய வனத்துக்குள் நுழைந்தால், பல ஓடைகளில் மண்வெட்டிக்கு ஆட்சேபம் இல்லை.

புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். தட்டைச் சுழற்றும் வித்தையை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். எந்த மண்ணில் எந்தக் கருவி செல்லும் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் பொறுமை வேண்டும். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: நிலம் யார் கையில் இருக்கிறது?

பொது நிலம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் பல நிர்வாகங்கள் இருக்கின்றன.

மேற்கு மாநிலங்களில் பொன் அரிப்பவர்கள் அதிகம் போவது பிஎல்எம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நில நிர்வாகப் பணியகத்தின் நிலங்களுக்கும் தேசிய வனங்களுக்கும்தான். தட்டு, கை மண்வெட்டி போன்ற எளிய கருவிகளோடு அரிப்பதற்கு இங்கே பொதுவாக முன் அனுமதி தேவையில்லை. ஆனால் சில ஆற்றுப் பகுதிகளைச் சுரங்க வேலையிலிருந்து தனியாக விலக்கி வைத்திருப்பார்கள். இயற்கை எழிலுக்காகப் பாதுகாக்கப்பட்ட நதிகள் இதில் அடிக்கடி வரும். அதேபோல, பொழுதுபோக்காக அரிப்பவர்களுக்கென்றே ஒதுக்கிய இடங்களும் உண்டு. அலாஸ்காவில் ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே நோம் கிரீக் பள்ளத்தாக்கு, கலிஃபோர்னியாவில் கெர்ன் ஆற்றங்கரையில் கீஸ்வில் இரண்டும் அப்படிப்பட்டவை. முதல் பயணத்துக்கு இந்த மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

தேசியப் பூங்கா என்றால் பொதுவாக ஒரு கூழாங்கல்லைக்கூட எடுத்து வரக் கூடாது. விதிவிலக்குகள் மிகக் குறைவு. கலிஃபோர்னியாவில் தேசியப் பூங்காத் துறை நடத்தும் விஸ்கிடவுன் பொழுதுபோக்குப் பகுதியில் அனுமதிச்சீட்டு வாங்கிக்கொண்டு தட்டால் அரிக்கலாம்.

மாநிலப் பூங்காக்களில் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் அனுமதி உள்ள பூங்காக்களில் ஓர் ஆள் ஒரு நாளைக்கு 15 பவுண்டு கனிமப் பொருள் வரை எடுக்கலாம், அதை விற்கக் கூடாது. நீங்கள் கலக்கிய தண்ணீர் 20 அடிக்கு அப்பாலும் கலங்கலாகத் தெரிந்தால் அது நிலத்தைக் கெடுத்ததாகவே கணக்கு. இந்த 20 அடி விதி எனக்கு மிகவும் பிடித்தது. வேறு எந்த நிலத்தில் அரித்தாலும் அதையே என் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நிலம் மத்திய அரசுடையதாக இருக்கும், ஆனால் தண்ணீருக்கும் மீனுக்கும் மாநிலச் சட்டம் இருக்கும். இரண்டில் எது கடுமையோ அதைப் பின்பற்றினால் சிக்கல் வராது. வாஷிங்டன் மாநிலத்தில் மீன்வளத் துறை வெளியிடும் ‘கோல்ட் அண்ட் ஃபிஷ்’ என்ற கையேட்டை அரிக்கும் இடத்தில் கையோடு வைத்திருக்க வேண்டும். எந்த ஓடையில் எந்த மாதங்களில் இறங்கலாம் என்று அதில் போட்டிருக்கும். சால்மன் மீன் கூழாங்கற்களுக்கு இடையில்தான் முட்டையிடும். அந்த நேரத்தில் நாம் மண்ணைக் கிளறினால் வண்டல் போய் முட்டைகளை மூடிவிடும், அவை மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

படி 2: அங்கே ஏற்கெனவே யாராவது கிளெய்ம் (கனிம உரிமைப் பதிவு) போட்டிருக்கிறார்களா?

1872-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. அதன்படி ஒருவர் பொது நிலத்தில் ஆற்றுமணல் பொன்னுக்காக 20 ஏக்கர் வரை கிளெய்ம் பதிவு செய்யலாம். எட்டுப் பேர் கூட்டாகச் சேர்ந்தால் 160 ஏக்கர் வரை போகும். அந்த நிலத்தில் நீங்கள் நடக்கலாம், உட்கார்ந்து சாப்பிடலாம். கனிமம் மட்டும் அவர்களுடையது. கேட்காமல் அரித்தால் அது திருட்டு.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் ஒரு வனப்பகுதி ஓடையில் ஒரு மணி நேரம் அரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்து, கோபப்படாமல், பத்தடி தள்ளிப் புதருக்குள் கூட்டிப்போய் ஒரு கம்பத்தைக் காட்டினார். அதில் கட்டியிருந்த புட்டிக்குள் அவருடைய கிளெய்ம் காகிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. நான் சேர்த்த நான்கைந்து பொடிகளை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

கம்பம் கண்ணில் படவில்லை என்பதால் கிளெய்ம் இல்லை என்று ஆகாது. பிஎல்எம்மின் இணையப் பதிவேட்டில் இடத்தை வைத்துத் தேடலாம். கவுண்ட்டி (நம் மாவட்டம் போன்றது) பதிவாளர் அலுவலகத்திலும் ஆவணம் இருக்கும். அதற்கு மேல் ஒரு போன் செய்துவிடுங்கள். பிஎல்எம் கள அலுவலகத்தையோ ரேஞ்சர் (வனக் காவலர்) நிலையத்தையோ கூப்பிட்டு, ஓடையின் பெயரைச் சொல்லி மூன்று கேள்விகள் போதும்: இங்கே பொழுதுபோக்காக அரிக்கலாமா, என்ன கருவி கொண்டு வரலாம், இப்போது ஏதாவது பருவத் தடை இருக்கிறதா. பதில் சொன்னவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பையில் எதை வைக்கலாம்?

பிஎல்எம் விதிகளில் ‘சாதாரணப் பயன்பாடு’ என்று ஒரு வகை இருக்கிறது. நிலத்துக்குப் பாதிப்பே இல்லாத, அல்லது சொல்லிக்கொள்ளும்படி இல்லாத வேலை என்று பொருள். தட்டு, கைக் கருவிகள், மோட்டார் இல்லாத ஸ்லூஸ் பெட்டி (ஓடும் தண்ணீரில் மண்ணைக் கழுவிப் பொன்னைத் தங்கவைக்கும் நீளப் பெட்டி), மெட்டல் டிடெக்டர், கையாலோ பேட்டரியாலோ இயங்கும் உலர் சலிப்பான் (தண்ணீர் இல்லாமல் காற்றால் மண்ணைப் பிரிப்பது) ஆகியவை இதற்குள் வரும். மண் அள்ளும் இயந்திரம், வெடிமருந்து, ரசாயனம் எதுவும் வராது. அந்த வகையைத் தாண்டி, 5 ஏக்கருக்குள் நிலத்தைக் கிளறும் ஆய்வு வேலை செய்வதானால் 15 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அது நம் பொழுதுபோக்கின் எல்லைக்கு வெளியே உள்ள விஷயம்.

ஆற்றடியை உறிஞ்சி எடுக்கும் மோட்டார் டிரெட்ஜ் பற்றி இணையத்தில் நிறையப் பழைய வீடியோக்கள் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு ஒன்றை வாங்கிவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் 2009 முதல் அதற்குத் தடை இருக்கிறது, வேறு சில மாநிலங்களிலும் கட்டுப்பாடுகள் உண்டு.

தொடங்குபவருக்கு என் பரிந்துரை இவ்வளவுதான்: 14 அங்குலப் பிளாஸ்டிக் தட்டு, அரை அங்குலக் கண் சல்லடை, மண் தோண்ட ஒரு கைக்கரண்டி, ஒரு வாளி, பொடியை உறிஞ்சும் சின்னப் பிளாஸ்டிக் புட்டி. தட்டு கறுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் பொன் பளிச்சென்று தெரியும். புதுத் தட்டைப் பாத்திரம் கழுவும் சோப்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். அதில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மெல்லிய பொன் பொடி தண்ணீரின் மேல் மிதந்து ஓடிப்போகும்.

படி 4: எங்கே தோண்டுவது?

பொன்னின் அடர்த்தி 19.3. சாதாரண மணலான குவார்ட்ஸுக்கு 2.65தான். தண்ணீர் வேகம் குறையும் இடத்தில் எது முதலில் விழும் என்று இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும். ஆறு வளையும்போது உள்பக்கம், பெரிய பாறையின் கீழ்நீர்ப் பக்கம், பாறைத்தளத்தின் வெடிப்புகள் என்று தேடுங்கள். வெடிப்பின் அடியில் இறுகிக் கிடக்கும் மண்ணைச் சுரண்டி எடுங்கள், மேலாக இருக்கும் தளர்ந்த மணலில் நேரம் போக்க வேண்டாம். கரையையும் மரவேர்களையும் தொடவே கூடாது. கரை ஒருமுறை சரிந்தால் அடுத்த வெள்ளத்தில் இன்னும் சரியும்.

படி 5: அரிப்பது

அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே அசைவுதான். அங்கே அரிசி வழிந்து போகும், கல் தங்கும். இங்கே மணல் வழிந்து போகும், பொன் தங்கும்.

சலித்த மண்ணைத் தட்டில் முக்கால் அளவு போட்டு, தட்டை முழுக்கத் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். களிமண் கட்டிகளை விரலால் நசுக்கிக் கரையுங்கள். கட்டிக்குள் பொன் ஒட்டிக்கொண்டிருக்கும், அப்படியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிறகு தண்ணீருக்குள்ளேயே இடமும் வலமுமாக நன்றாகக் குலுக்குங்கள். கனமானவை அடிக்கு இறங்க இந்தக் குலுக்கல்தான் வழி. அவசரப்படுபவர்கள் இங்கேதான் பொன்னை இழக்கிறார்கள். அப்புறம் தட்டின் சுவரில் வரிப்பள்ளங்கள் இருக்கும் பக்கம் உங்களிடமிருந்து தள்ளி இருக்கும்படி தட்டைச் சாய்த்து, முன்னும் பின்னுமாக அசைத்து மேல்மணலை வழியவிடுங்கள். இரண்டு மூன்று முறை வழித்ததும் தட்டை நேராக்கி மறுபடி குலுக்குங்கள். இப்படியே மாற்றி மாற்றிச் செய்யச் செய்ய, கடைசியில் ஒரு தேக்கரண்டிக் கருமணல் மிஞ்சும்.

அதில் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் விட்டு மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கருமணல் நகர்ந்து போகும், அதன் வால்பக்கத்தில் மஞ்சள் புள்ளி நகராமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதை முதல்முறை பார்க்கும்போது மனசு ஒரு கணம் நின்றுவிடும். பொன்தானா என்ற சந்தேகம் வந்தால் உங்கள் நிழலைத் தட்டின் மேல் விழவிடுங்கள். அபிரகம் (மைக்கா) நிழலில் மங்கிவிடும், பொன் அதே மஞ்சளாகவே இருக்கும். கொஞ்சம் பெரிய துண்டானால் அழுத்திப் பாருங்கள். பொன் தட்டையாகும், பொன்போலத் தெரியும் பைரைட் கனிமம் நொறுங்கும்.

பொன் வெள்ளிபோல வெளுத்து இருந்தாலோ, தட்டில் உருளும் வெள்ளித் துளிகள் வந்தாலோ, அது பாதரசம். 19-ஆம் நூற்றாண்டுச் சுரங்கக்காரர்கள் பொன்னைப் பிடிக்கக் கொட்டிய பாதரசம் கலிஃபோர்னிய ஆறுகளில் இன்னும் இருக்கிறது. அதை வீட்டில் சூடாக்கவே கூடாது, அந்த ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கும். மூடி இறுக்கமான புட்டியில் அடைத்து, ஊரின் அபாயக் கழிவு சேகரிப்பு இடத்தில் ஒப்படையுங்கள்.

படி 6: கிளம்புவதற்கு முன்

பழைய சுரங்கக்காரர்களின் கருவி, புட்டி, ஆணி ஏதாவது அகப்பட்டால் எடுக்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள். நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருள்களை மத்திய அரசு நிலத்திலிருந்து எடுப்பதை 1979-ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஒரு படம் பிடித்துக்கொண்டு ரேஞ்சரிடம் சொன்னால் போதும்.

தோண்டிய குழியைத் தோண்டிய கல்லாலேயே நிரப்புங்கள், பெரிய கல் அடியில், சின்னது மேலே. புரட்டிய பாறையைப் பாசி படிந்த பக்கம் மேலே வரும்படி பழைய இடத்திலேயே உட்கார வையுங்கள். அதன் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும், மீன் தின்பது அவற்றைத்தான். கரையேறியதும் பொன் புட்டியில் தண்ணீர் நிறைய இருக்கிறதா, மூடி இறுகியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுப் பையில் வையுங்கள்.