தண்டுவடத்தில் மார்ஃபின் கொடுத்தால் எந்த நார் அடங்குகிறது? பதிவைப் படிக்கும் முறை

எலியின் பாதத்தில் மின்தூண்டல் கொடுத்து, தண்டுவடத்தின் பின்கொம்பில் (உணர்வு நரம்புகள் வந்து சேரும் பின்பகுதி) ஒரே ஒரு நியூரானிலிருந்து எடுத்த பதிவு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு நேர அச்சைப் பாருங்கள்.

தடித்த ஏ-பீட்டா நரம்பு நார்கள் தொடுவுணர்வை வேகமாகக் கொண்டுவரும், அதனால் தூண்டியபின் முதல் 20 மில்லிசெகண்டுக்குள் வரும் துடிப்புகள் அவற்றின் கணக்கு. 20 முதல் 90 வரை, கூர்மையான வலியைக் கொண்டுவரும் மெல்லிய ஏ-டெல்டா. மந்தமான வலியைக் கொண்டுவரும், மையலின் என்ற கொழுப்பு உறையே இல்லாத சி நார்கள் நொடிக்கு 2 மீட்டர்கூடத் தாண்டாது என்பதால் 90 முதல் 300 வரை எடுத்துக்கொள்ளும். அதற்கப்புறம் 800 வரை வருவது தூண்டல் முடிந்தும் ஓயாத பின்வெடிப்பு.

மருந்துக்கு முன் அளவுகள் நிலையாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு பகுதியையும் அதன் சொந்த ஆரம்ப அளவோடு சதவீதமாக ஒப்பிடுங்கள். மார்ஃபின் சரியாக வேலை செய்தால் சி பகுதியும் பின்வெடிப்பும் நன்றாகச் சரியும், ஏ-டெல்டா அதைவிடக் குறைவாக, ஏ-பீட்டா கிட்டத்தட்ட அசையாது. காரணம், ஓபியாய்டு ஏற்பிகள் (மார்ஃபின் வகை மருந்துகள் போய் ஒட்டும் இடங்கள்) பின்கொம்பின் மேலடுக்குகளில், குறிப்பாக சி நார்களின் முனைகளில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே கால்சியம் வாயில்கள் மூடினால் வலிச்செய்தி அடுத்த செல்லுக்குப் போய்ச் சேராது. ஏ-பீட்டாவும் அதே அளவு சரிந்திருந்தால் எனக்கு முதல் சந்தேகம் மின்முனை நகர்ந்துவிட்டதா என்பதுதான். ஓபியாய்டை முறிக்கும் நாலாக்ஸோன் கொடுத்துப் பாருங்கள், பதில்கள் திரும்பவில்லை என்றால் ஓபியாய்டு விளைவு என்று எழுதாதீர்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. இரண்டு நொடிக்கு ஒன்றாகத் தொடர்ந்து தூண்டினால் சி பதில் ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டே போகும், இதை 1960களில் லோர்ன் மெண்டெல் என்ற நரம்பியல் ஆய்வாளர் காட்டினார். மொத்த எண்ணிக்கையை மட்டும் கூட்டிப் பார்த்தால் எந்த மருந்தும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் தூண்டலின் பதிலையும் ஏற்றத்தையும் தனித்தனியாக வரையுங்கள்: மார்ஃபினில் முதல் பதிலே குறைந்து ஏற்றம் தாமதமாகும், ஆனாலும் நடக்கலாம், ஓபியாய்டு அல்லாத மயக்க மருந்தான கெட்டமினில் முதல் பதில் பெரிதாக மாறாது, ஏற்றம்தான் நின்றுபோகும்.

சிசேரியனுக்குத் தண்டுவடத்தில் 100, 150 மைக்ரோகிராம் மார்ஃபின் சேர்க்கும்போதும் இதே கதைதான். மரத்துப்போகும் மருந்து இறங்கியபின் தாய் காலை அசைப்பார், தொடுவது தெரியும், வலி மட்டும் மட்டுப்பட்டிருக்கும் (மூச்சை ஒரு நாள் வரை கவனிக்க வேண்டும், அது வேறு விஷயம்). நரம்புக் காயத்தில், துணி உரசினாலே வலிப்பவருக்கு, அந்த வலி பெரும்பாலும் ஏ-பீட்டா வழியே வருகிறது. அங்கே இதே பலனை எதிர்பார்க்காதீர்கள்.