புரட்சிக் காலத் தெஹ்ரானில் வாழ்ந்த வெளிநாட்டவரைப் பற்றி நாவல் எழுதுவது எப்படி

முதலில் ஒரு குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அன்றன்று நடந்தவற்றை எழுதுங்கள். வலப்பக்கம் அவற்றில் உங்கள் பாத்திரத்துக்கு அன்றைக்கே எவ்வளவு தெரிந்திருக்கும் என்பதை எழுதுங்கள். ஈரானின் மன்னராட்சியை வீழ்த்திய 1978-79 புரட்சியின்போது, 1978 செப்டம்பர் 8 அதிகாலையில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டதை அறியாமலேயே பலர் தெஹ்ரானின் ஜாலே சதுக்கத்தில் திரண்டனர், படையினர் சுட்டனர். ஊர்க்காரர்களுக்கே எட்டாத அந்த அறிவிப்பு, பாரசீகம் அரைகுறையாகப் பேசும் வெளிநாட்டுப் பொறியாளருக்கு எப்போது, யார் வாய்வழியாக வந்து சேரும்? அன்று வெள்ளிக்கிழமை, விடுமுறை நாள் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இரு பக்கங்களுக்கும் இடையிலான வெற்றிடத்தில்தான் நாவல் நடக்கிறது.

அடுத்து வீட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். எல்புர்ஸ் மலையடிவாரத்திலிருந்து தெற்கு நோக்கிச் சரிந்திறங்கும் நகரம் தெஹ்ரான். வசதி படைத்தோர் மேட்டிலும் ஏழைகள் தாழ்விலும் வாழ்ந்தனர், தெருவோர வாய்க்கால் நீரும் அவ்வழியே இறங்கியது. வடக்கே குடியிருக்கும் அமெரிக்கருக்குக் கலவரம் கீழேயிருந்து எழும் புகையாகவே முதலில் தெரியும். கட்டட வேலைக்கு வந்த ஆப்கானியருக்கோ அது தங்குமிடத்தின் வாசலிலேயே நிற்கும். அமெரிக்கரை மட்டுமே எழுதுவது சோம்பல் என்பது என் கருத்து. இந்திய மருத்துவர்களும் அங்கே பணியாற்றினர்.

மொழி தெரியாதவரும் உணரக்கூடியவற்றைத் தேடிச் சேர்க்க வேண்டும். எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் குளிர்காலத்தில் நீண்ட மண்ணெண்ணெய் வரிசைகள், மாலை நேர மின்வெட்டு, சுமார் இரண்டு மாதங்கள் வெளிவராத நாளிதழ்கள், ஊரடங்கு இரவுகளில் மொட்டைமாடிகளிலிருந்து எழுந்த ‘அல்லாஹு அக்பர்’ முழக்கம் ஆகிய நான்குமே பல அத்தியாயங்களுக்குப் போதும். நாட்காட்டியையும் மறந்துவிடாதீர்கள்: 1976இல் அரசு, பண்டைய பாரசீகப் பேரரசர் சைரஸின் காலத்திலிருந்து கணக்கிடும் பேரரசு ஆண்டுமுறையைப் புகுத்தி 2535 என்று எண்ணத் தொடங்கியது, 1978இல் அதைக் கைவிட்டது. ஆகவே பாத்திரத்தின் பழைய வாடகை ரசீதில் உள்ள ஆண்டும் புதிய ரசீதில் உள்ள ஆண்டும் பொருந்தக் கூடாது.

பின்னாளில் நாம் அறிந்ததைப் பாத்திரத்தின் வாயில் திணிக்காதீர்கள். 1979 ஜனவரி 16 அன்று ஈரான் மன்னர் ஷா நாட்டைவிட்டுப் புறப்பட்டபோது, ஓய்வுக்காகச் செல்வதாகவே சொல்லப்பட்டது. தெருக்களில் வண்டிகள் ஒலியெழுப்பிக் கொண்டாடின. அந்த இரைச்சலைக் கேட்டு உங்கள் பொறியாளர் வரலாறு திரும்புகிறது என்று எண்ண வேண்டியதில்லை. ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள மாதங்களின் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்பட்டால் நம்பலாம்.

தெருப்பெயர்களைக் கடைசியாகச் சரிபாருங்கள். ஷா ரேசா சாலை புரட்சிக்குப்பின் புரட்சிச் சாலை, அதாவது எங்கெலாப் ஆயிற்று. ஓடும் டாக்சியை நோக்கிப் போகுமிடத்தை உரக்கச் சொல்லி ஏறுவது அவ்வூர் வழக்கமாதலால், பழைய பெயரையே கூவி நிற்கும் வெளிநாட்டவரைக் கடந்து எத்தனை டாக்சிகள் நிற்காமல் போகின்றன என்பதை ஒரு காட்சியாக எழுதிப் பாருங்கள்.