பச்சையாகச் சாப்பிடத் தொடங்கும் முன்

"இனி அடுப்பே பற்றவைக்கப் போவதில்லை" என்று உற்சாகமாக வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, தட்டில் எதையெல்லாம் வைக்கப் போகிறீர்கள் என்பதுதான். உணவு ஆலோசகராக என் கருத்து இது: தட்டில் பாதிவரை பச்சை உணவு நல்லது, முழுத் தட்டும் அதுவே என்றால் வேண்டாம்.

நன்மை இல்லாமல் இல்லை. வைட்டமின் சி-யும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் சூட்டில் சிதையும், வேகவைத்த தண்ணீரோடும் போய்விடும். பச்சையாகத் தின்றால் அவை முழுசாகக் கிடைக்கும். ஆனால் பச்சைக் காயின் என்சைம்கள்தான் செரிமானத்தைக் கவனித்துக்கொள்ளும் என்ற பேச்சை நம்பாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை வயிற்று அமிலத்திலேயே செயலிழந்துவிடும். வேண்டிய என்சைம்களை உடம்பே சுரக்கிறது. அதோடு, தக்காளியின் லைக்கோபீன், கேரட்டின் பீட்டா கரோட்டின் ஆகிய நிறச்சத்துகள் வேகவைத்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும்.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் ஒருவேளை உணவோடு ஒரு கிண்ணம் மட்டும். கேரட்டைத் துருவி, வெள்ளரிக்காயை நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, ஒரு ஸ்பூன் எண்ணெயோ கொஞ்சம் கொட்டைகளோ சேருங்கள். கொழுப்பு இல்லாமல் கரோட்டின் உடம்பில் சரியாகச் சேராது. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும், அதனால் அளவை மெல்ல ஏற்றுங்கள். கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். இறைச்சி வெட்டிய பலகையில் சாலட் நறுக்கவே கூடாது.

ராஜ்மா விஷயத்தில் நான் கண்டிப்பானவள். பச்சையாக நாலைந்து பயறு போதும், சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம்தான் காரணம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். மிதமான சூட்டில் அரைவேக்காடாக விடுவது இன்னும் மோசம்.

முளைகட்டிய பயறு பலருக்கும் ஆரோக்கியத்தின் அடையாளம். ஆனால் முளைவிடத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் பிடிக்கும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியே பரவிய ஈ.கோலை கிருமியால் கிட்டத்தட்ட 4,000 பேர் நோயுற்றார்கள், 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிருமி விதைக்குள்ளேயே இருக்கலாம் என்பதால் கழுவினாலும் போகாது. ஆவியில் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் பச்சை முளை, பச்சை முட்டை, காய்ச்சாத பால் மூன்றையும் தொடவே வேண்டாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள் கீரை அளவைத் திடீரென்று மாற்றக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் பற்றி மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

நீண்டகாலம் பச்சை உணவிலேயே இருந்த 201 பேரைப் பற்றி 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறைவாக இருந்தது. ஆனால் 38 சதவீதம் பேருக்கு வைட்டமின் பி12 பற்றாக்குறை. அப்புறம் 1999-ல் வந்த இன்னொரு ஆய்வில், பச்சை உணவு உண்ட 45 வயதுக்குக் கீழான பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் ஓரளவோ முழுமையாகவோ நின்றிருந்தது. எனவே தொடங்கும்போதே பி12, இரும்புச்சத்து பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போனாலோ எடை இறங்கிக்கொண்டே போனாலோ, சமைத்த உணவுக்குத் திரும்பிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.