ஒரே வடிகானுக்கு அரசு காசும் தனியார் காசும்: எப்படிச் சேர்ப்பது?

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையின் வடிகானைத் திருத்துவதற்கு அரசு ஒதுக்கீடு பாதி, ஒரு தனியார் நிறுவனத்தின் அன்பளிப்பு பாதி என்று ஏற்பாடு செய்தோம். அந்தப் பாதிக்குப் பாதியில்தான் மாட்டிக்கொண்டேன்.

1. டீ.ஓ.வை, அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கூட்டி வந்து எஸ்டிமேட் எடுங்கள். ஒழுங்கைச் சங்கத்தின் பதிவு, கடிதம் எல்லாம் தெரிந்ததுதானே, விடுகிறேன்.

2. அதைக் கூகுள் ஷீட்ஸில் ஒரு வேலைக்கு ஒரு வரியாக ஏற்றுங்கள். எக்ஸெல் வேண்டாம், வாட்ஸ்அப்பில் "ஃபைனல்", "ஃபைனல் 2", "கடைசி ஃபைனல்" என்று சுற்றி எது சரி என்று ஒருவருக்கும் தெரியாமல் போகும்.

3. ஒவ்வொரு வரிக்கும் ஒரே ஒரு தரப்புத்தான் காசு கொடுக்க வேண்டும். நாங்கள் இரண்டு தரப்பின் வேலைக்கும் சேர்த்தே சீமெந்து வாங்கினோம், ஹாட்வெயாரில் ஒரே பில். வேலை முடிந்ததும் இரண்டு தரப்பும் மூலப் பில்லைத்தான் கேட்டன, போட்டோக் கொப்பி செல்லாதாம். என் கையில் இருந்ததோ ஒரு மஞ்சள் தாள், அதுவும் மழையில் நனைந்து மை பாதி கரைந்தது. மூன்று மாதம் அலைந்தேன். இப்போது என் ஷீட்டில் கிடங்கு வெட்டு, கொங்கிரீட் அரசுக்கு. மூடி, விளக்கு தனியாருக்கு. கண்ணில் படுகிற வேலையைத் தனியாருக்கே விடுங்கள், பெயர்ப்பலகை வைக்க ஆசைப்படுவார்கள், மண்ணுக்குள் போகிற கொங்கிரீட்டில் யார் பெயர் எழுதுவது?

கொழும்புத் தெற்குத் துறைமுகத்திலும் இதே கணக்குத்தான். வருமானம் தராத அலைதடுப்புச் சுவரைத் துறைமுக அதிகார சபை ஆசிய அபிவிருத்தி வங்கியின் 30 கோடி டொலர் கடனோடு கட்டியது. அதன் மறைவில், காசு பார்க்கிற கொள்கலன் முனையத்தை சீ.ஐ.சீ.ரீ. (கொழும்பு சர்வதேச கொள்கலன் முனையங்கள்) கம்பெனி கட்டியது, 35 வருடம் நடத்திவிட்டு ஒப்படைக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் அதிகார சபைக்கு 15 வீதப் பங்கு. அதைப் பார்த்துவிட்டு, அரசு போட்டது 15 வீதம்தான் என்று நானும் ஒரு காலம் சொல்லித் திரிந்தேன், சுவர் கண்ணில் படவே இல்லை.

4. தனியார் காசு சங்கக் கணக்குக்கு, இரண்டு கையொப்பத்தோடு. அரசு காசு உங்கள் கைக்கு வராது, வேலையை அளந்து பார்த்த பின் கொன்ட்ராக்டருக்குப் போகும்.

பின்சேர்க்கை: "எங்கட மேசன் பாஸ் அரசு காசு வரும்வரை பொறுக்கமாட்டாராம், தனியார் காசில முன்பணம் குடுக்கலாமா?" என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். ஷீட்டில் தனியாருக்கு விட்ட வேலைகளுக்கு மட்டும் கொடுங்கள் அண்ணே, அரசுக்கு விட்ட வேலைக்குக் கொடுத்தால் திரும்ப அந்த மஞ்சள் தாள் கதைதான். அப்புறம், அரச நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது, ஒக்டோபர், நவம்பரில் இங்கே மழை கொட்டும். செப்டெம்பருக்குள் கொங்கிரீட்டைப் போட்டு அளவெடுப்பையும் முடித்துவிடுங்கள்.