ஓடுகிற ஃபேனை மாற்றலாமா?

நல்லா ஓடுகிற ஃபேனைக் கழற்ற எனக்கும் மனசு வராது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ள பிஎல்டிசி (BLDC) ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 40 யூனிட் மிச்சம், அதுவும் தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தொட்டுத் தொட்டு நிற்கிற வீடென்றால், அதைத் தாண்டினாலே கட்டண விகிதம் மாறிவிடும் என்பதால், இந்த 40 ரொம்பப் பெரிசு.

அதனால் ராத்திரி முழுக்க ஓடுகிற படுக்கையறை ஃபேனை மட்டும் முதலில் மாற்றுங்கள். விருந்தாளி அறையில் எப்போதாவது சுற்றுவது அப்படியே இருக்கட்டும், போட்ட காசு திரும்பி வராது.

அப்புறம், வேகம் குறைந்துவிட்டது என்பதற்காக மாற்ற நினைத்தால் முதலில் கண்டென்சரை (ஃபேனுக்குள் இருக்கிற சின்ன மின் பாகம்) மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணம், செலவும் கொஞ்சம்தான். பிஎல்டிசி மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை எடுத்துவிடச் சொல்லுங்கள்.