கோடையில் ராமநாதபுரம் கடலோரம்: கூட்டமாக சைக்கிளில் போகிறவர்களுக்கு

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், ராமநாதபுரம், மண்டபம் வழியாக ராமேஸ்வரம் வரை ஏற்றமே கிடையாது. தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி பக்கமும் அப்படித்தான். அதனால் ஒரு நாளைக்கு 100 கி.மீ. எளிது என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அந்தக் கணக்கு இங்கே பலிக்காது. உள்நாட்டில் 40 டிகிரி அடித்தாலும் காற்று வறண்டிருப்பதால் வேர்வை காயும், உடம்பு குளிரும். கடலோரத்தில் 36 டிகிரிதான் இருக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை காயாமல் சொட்டும். சொட்டிப்போன வேர்வையால் உடம்புச் சூடு குறையாது, தண்ணீரும் உப்பும்தான் போகும். வழியெங்கும் சீமைக்கருவேலம், அடியில் ஒதுங்கினால் நிழலும் போதாது, டயருக்கு முள்ளும் மிச்சம்.

ஆகவே நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். விடிகாலை 4:30-க்கு முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் எரிய, பளபளக்கும் மேல்சட்டையோடு கிளம்பி 9:30-க்குள் கூரைக்கடியில் போய்விட வேண்டும். மாலை 4:30-க்கு மேல் இன்னும் இரண்டு மணி நேரம். இடைநிறுத்தங்கள் போக, சுமையோடு போகும் கூட்டத்துக்கு 70 கி.மீ. நல்ல தூரம்; முதல் மூன்று நாள் 50 போதும். வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் ஆகும் என்பதால், பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் ஒரு மணி நேரமாவது வெயிலில் ஓட்டிப் பழகுங்கள். மதியம் தங்க மின்விசிறியும் தண்ணீரும் உள்ள கல்யாண மண்டபத்தை முன்பே பேசி வையுங்கள். பகலில் கூடாரம் அடுப்புதான்.

காற்றைப் பற்றிப் பலர் யோசிப்பதில்லை. பின்காற்று மணிக்கு 18 கி.மீ., நீங்களும் 18-இல் போனால் உடம்பில் காற்றே படாது. ஓட்டுவது சுகமாக இருக்கும். உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போவதும் இப்படித்தான்: உழைப்பு குறையும், காற்றும் குறையும். வெயில் ஏறியபின் நான்கைந்து மீட்டர் இடைவெளி விட்டு ஓட்டுங்கள். பின்காற்றில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள்.

குடிப்பது மணிக்கு 500 முதல் 750 மி.லி., சிறு சிறு மடக்காக. ஒரு லிட்டருக்குத் தட்டையாக ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் எலுமிச்சை. அல்லது கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் எழுதிய அளவுத் தண்ணீரில் கரைக்கலாம். ஒரு புட்டியில் இது, இன்னொன்றில் வெறும் தண்ணீர். வெறும் தண்ணீரையே அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், விரல் வீக்கம் வரும். அதை நீர்ச்சத்துக் குறைவு என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. காலையில் மோர் ஊற்றி உப்புப் போட்ட பழைய சோறு மிக நல்லது. நுங்கும் பதநீரும் இங்கே தாராளம். பதநீரை இறக்கிய காலையிலேயே குடியுங்கள், வெயில் ஏறினால் புளித்துவிடும். நிலத்தடி நீர் பல ஊர்களில் உவர், எனவே ஊரைத் தாண்டும்முன் எல்லாப் புட்டிகளையும் நல்ல தண்ணீரால் நிரப்புங்கள்.

கூட்டத்தின் வேகம் மெதுவானவரின் வேகம். அனுபவமுள்ள ஒருவர் முதலுதவிப் பையோடு கடைசியில் வரட்டும். இருவர் இருவராக ஜோடி சேர்த்து, நிற்கும்போதெல்லாம் ஒருவரையொருவர் பேசவைத்துப் பாருங்கள். குளறிய பேச்சு, எரிச்சல், தள்ளாட்டம், சம்பந்தமில்லாத பதில் தெரிந்தால் அது களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். வேர்வை வழிந்துகொண்டிருந்தாலும் அது வெப்பத் தாக்காக இருக்கலாம். உடனே 108-க்கு ஒருவர் பேச, மற்றவர்கள் தார்பாயில் படுக்கவைத்து நான்கு ஓரத்தையும் தூக்கிப் பிடித்து, கையிலுள்ள தண்ணீர் முழுவதையும் ஊற்றி விசிறுங்கள். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரத்தில் மீனுக்கு ஐஸ் கிடைக்கும்; அதைக் குடிநீரில் போடக் கூடாது, இதற்கு உதவும். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். பாராசிட்டமால் இதற்குப் பயன்படாது. ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தாதீர்கள்.

தனுஷ்கோடிக்குத் தனித் திட்டம் வேண்டும். முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை 9.5 கி.மீ.; இருபுறமும் கடல், மணலிலும் நீரிலும் பட்ட வெயில் கீழிருந்தும் அடிக்கும். காலையில் முதல் ஆளாகப் போய் வெயில் ஏறுமுன் திரும்புங்கள். தலைக்கு 3 லிட்டர், கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று தள்ளும். ஒற்றை வரிசையில், நிற்காமல் கடந்துவிடுங்கள்.

விடிகாலை 27 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடித்த டியூப், 55 டிகிரிக்குச் சூடானால் 67-ஐத் தொடும். நல்ல டயருக்கு ஒன்றும் ஆகாது, பழைய ஒட்டில் பசை இளகி வாய் திறக்கும். நடு வெயிலில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டுவதுதான் ஆளை வீழ்த்தும். ஆளுக்கு இரண்டு மாற்று டியூப் வைத்து, டியூப்பை மாற்றிவிட்டு உடனே நகருங்கள். ஓட்டைகளை மதிய ஓய்வில் மின்விசிறிக்கடியில் ஒட்டலாம். அதே நேரத்தில் சங்கிலியின் உப்பை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.