கித்தார் கேபினெட்டுக்குச் சிக்கனமாக ஒரு மைக்

கோலாலம்பூர், செந்தூலில் அடுக்குமாடி வீடு. மின்கித்தாரின் ஸ்பீக்கர் பெட்டியான கேபினெட்டை வீட்டிலேயே பதிவு செய்ய நான் முதலில் வாங்கியது ஒரு கன்டென்சர் மைக், நுணுக்கமான ஒலியையும் பிடிக்கும் வகை. பதிவைப் போட்டுக் கேட்டால் கித்தாரோடு மின்விசிறி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தூரத்தில் போகும் கம்யூட்டர் ரயில் எல்லாமே கச்சேரியில் சேர்ந்திருந்தன. மைக்கின் மேல் மட்டும் பழி போட முடியாது. அதை இரண்டடி தள்ளி வைத்தது நான்தான். அந்தக் காசு போன வழியைச் சொல்கிறேன், உங்கள் காசாவது மிஞ்சட்டும்.

1. கடைக்குப் போகும் முன்

கித்தார் ஸ்பீக்கர் வேறு சாதி. 12 அங்குல ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும். 20 கிலோஹெர்ட்ஸ் வரை நுணுக்கமாகப் பிடிக்கும் மைக்குக்குக் கூடுதல் வெள்ளி கொடுத்தால், வராத ஒலிக்காகக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். டைனமிக் மைக் போதும். பெருஞ்சத்தத்தைத் தாங்கும், பேண்டம் பவர் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) கேட்காது, நம் ஊர்ப் புழுக்கத்துக்கும் அசராது. ஈரம் ஏறிய கன்டென்சர் சில நேரம் அப்பளம் பொரிவதுபோல் சத்தம் போடும். மெல்லிய உலோக நாடா கொண்ட ரிப்பன் மைக் இனிமையானதுதான்; ஆனால் பழைய வகைகள் சிலவற்றைத் தவறான பேண்டம் பவரே கெடுத்துவிடும். தொடக்கத்தில் வேண்டாம்.

2. இரவல் கேளுங்கள்

கோயில் பஜனைக் குழுவிலோ உறவினர் வீட்டிலோ ஒரு ஷூர் எஸ்எம்58 கிடக்கலாம். பாடகர்கள் பிடிக்கும் அதே மைக்தான். அதற்கும் கருவிகளுக்கான ஷூர் எஸ்எம்57-க்கும் உள்ளே இருப்பது, ஒலியைப் பிடிக்கும் ஒரே குடும்பத்துக் கேப்ஸ்யூல். உருண்டை வலையைக் கழற்றினால் தொனி 57-ஐ நெருங்கும். திறந்து கிடக்கும் தலையில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வாங்குவதென்றால்

1965-இல் வந்த எஸ்எம்57 இன்றும் கேபினெட்டின் முன்னால் நிற்கிறது. போலிகளும் அதற்கேற்ப மலிந்துவிட்டன. பாதி விலைக்கு இணையத்தில் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். அசல் எஸ்எம்57-இன் எடை 284 கிராம். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். எடை சரியாக இருந்தால் மட்டும் அசலாகிவிடாது, ஆனால் மிக இலேசாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். மைக் தாங்கி வாங்க மனமில்லையா? தட்டையான முகம் கொண்ட சென்ஹைசர் இ609-ஐ அதன் கேபிளிலேயே கேபினெட்டின் மேலிருந்து தொங்கவிடலாம். கேபிள் மூன்று முனை எக்ஸ்எல்ஆராக இருக்கட்டும்.

4. வைக்கும் இடம்

பாதி வேலை இங்கேதான். விலை உயர்ந்த மைக்கைத் தவறான இடத்தில் வைப்பதைவிட மலிவான மைக்கை இரண்டு விரல் நகர்த்துவது அதிகம் மாற்றும்.

கித்தார் ஒலியைப் பெருக்கும் ஆம்பை அணைத்துவிட்டு, கைப்பேசி விளக்கைக் கேபினெட்டின் முன்துணியின் மேல் சாய்வாகப் பிடியுங்கள். ஸ்பீக்கரின் கூம்பும், நடுவில் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு மூடியும் நிழலாகத் தெரியும். அந்த மூடியின் விளிம்புக்கு நேராக, துணியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி மைக்கை வையுங்கள். மூடியின் நடுவுக்கு நகர்த்தினால் ஒலி கூர்மையாகும், சில நேரம் காதைக் குத்தும். கூம்பின் ஓரத்துக்கு நகர்த்தினால் மங்கும். மிக நெருங்கினால் அடித்தொனி வீங்கும்; அதுவும் சில பாட்டுக்கு வேண்டியிருக்கும்.

5. பதிவு

பதிவு மென்பொருளின் அளவுகாட்டியில் உச்சம் –12 டெசிபெல் அளவில் நிற்குமாறு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸின் கெயினை (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) வையுங்கள். அண்டை வீட்டாருக்காக ஆம்பை மிகவும் குறைத்தால் கெயினை ஏற்ற வேண்டிவரும்; மின்விசிறி மறுபடியும் உள்ளே வரும். பதினைந்து விநாடிக்காவது அதை நிறுத்திவிடுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. மாலை இடி மழை தொடங்கிவிட்டால் தேநீர் போடப் போய்விடலாம்.

ஒரே வாசிப்பை மூன்று இடங்களில் பதிந்து, சத்தத்தைச் சமமாக்கிக் கேளுங்கள். உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும். பிடித்த இடத்துக்கு எதிரே துணியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், நாளை தேட வேண்டாம். குப்பை என்று அம்மா அதை உரித்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு முறை நடந்துவிட்டது.